மெதுவா போனா ஏன் பைக் கொதிக்குது?

ஹைவேயில் ஒரு மணி நேரம் ஓட்டினாலும் கொதிக்காத பைக், பாறை மேட்டுல நடக்கிற வேகத்துல ஏறும்போது ஆவி விடுது. வேகம் கம்மின்னா சூடும் கம்மியாத்தானே இருக்கணும்? தெர்மோடைனமிக்ஸ்ல அரியர் இல்லாதவங்களும் இங்க சறுக்குவாங்க.

ரேடியேட்டர் வழியா ஓடுற காற்றுதான் சூட்டை எடுத்துட்டுப் போகுது. மோட்டோகிராஸ் பைக்குகள்ல பொதுவா ஃபேன் இருக்காது. பந்தயத்துல வண்டி நிக்கவே நிக்காது, காற்று தானா அடிக்கும்ங்கிற கணக்கு. மேட்டுல அந்தக் கணக்கு தப்பிடுது: என்ஜின் முக்குது, காற்று இல்லை. இந்த மாதிரி ரைடு அடிக்கடி போறீங்கன்னா ஃபேன் கிட் போடுறதுதான் நேரான வழி.

அடுத்தது நம்ம இடது கை. பாதி கிளட்ச் பிடிச்சே ஏறுறோம் இல்லையா? பெரும்பாலான பைக்ல கிளட்ச் என்ஜின் ஆயில்லயே முங்கி இருக்கு; உரசுற சூடு நேரா அந்த ஆயிலுக்குப் போகுது. பின் ஸ்ப்ராக்கெட்ல ரெண்டு மூணு பல் கூட்டினா, அதே வேகத்துல கிளட்சை முழுசா விட்டு ஓட்டலாம். செலவும் கம்மி. எக்ஸ்பல்ஸ் 200 4V மாதிரி ரேடியேட்டர் இல்லாத வண்டிக்கும் இது பொருந்தும். அதுல என்ஜின் ஃபின்லயும் ஆயில் கூலர்லயும் சேறு அப்பாம பாத்துக்கணும்.

ரேடியேட்டர் சேறைப் பின்பக்கத்துல இருந்து மெல்லிய தண்ணியில் கழுவுங்க. பிரஷர் வாஷரைக் கிட்ட வச்சு அடிச்சா ஃபின் மடங்கிடும்.

"1.8 பார் மூடி போடு மச்சி, சரியாயிடும்"னு ஒருத்தன் கண்டிப்பா சொல்வான். வெறும் தண்ணி 1.1 பார் மூடிக்குள்ள சுமார் 122 டிகிரியில் கொதிக்கும், 1.8 பார்னா சுமார் 131. கொதிநிலைதான் ஏறுது, சூடு ஒரு டிகிரி கூட இறங்கல. ஹோஸ்ல அழுத்தம்தான் கூடுது. கூலன்ட் கலவை சரியா இருக்கான்னு முதல்ல பாருங்க.

ஆவி வந்துடுச்சா? ஐடிலிங்ல விட்டுட்டு நிக்காதீங்க. ஃபேன் இல்லாத வண்டியில காற்றும் இல்லை, பம்பும் மெதுவாத்தான் சுத்தும். ஆஃப் பண்ணுங்க. மூடியை மட்டும் திறக்கவே கூடாது. உள்ளே 100 டிகிரிக்கு மேல இருக்கிற திரவத்தை அழுத்தம்தான் அடக்கி வச்சிருக்கு. திறந்த நொடியில ஆவியாகி முகத்துல அடிக்கும். ரேடியேட்டர்ல கை வச்சு எடுக்காம இருக்க முடியுற வரைக்கும் காத்திருங்க. அப்புறம் குடிதண்ணி ஊத்தி வீடு வரலாம். வந்ததும் வடிச்சுட்டு கூலன்ட் மாத்திடுங்க.