ஓசோன் ஓட்டை சிறுத்தால் கவலை தீர்ந்ததா?

"ஓசோன் ஓட்டைதான் சிறுத்துவிட்டதாமே, இன்னும் எதற்கு இந்தக் கெடுபிடி?" கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ பழைய ஏர்கோனைக் கழற்றுபவர் இப்படிக் கேட்டால் வியப்பில்லை. 2019-ஆம் ஆண்டில் தென் துருவ ஓசோன் ஓட்டை உண்மையிலேயே சிறுத்துத்தான் போனது. அவ்வாண்டு அது எட்டிய உச்ச அளவு 16.4 மில்லியன் சதுர கிலோமீட்டர். சில நாட்களிலேயே 10 மில்லியனுக்கும் கீழே இறங்கியது. ஆனால் அடுத்த ஆண்டே 24.8 மில்லியனாக விரிந்தது. அது ஏறக்குறைய 75 மலேசியாக்களின் பரப்பு!

ஓராண்டுக்குள் காற்றிலுள்ள நச்சு வாயு குறைந்து, மீண்டும் கூடிவிட்டதா? இல்லை. மாறியது வெப்பநிலை.

ஓசோன் படலம் தரையிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. துருவக் குளிர்காலத்தில் அங்கே வெப்பநிலை சுழியத்திற்குக் கீழ் 78 பாகையையும் தாண்டி இறங்கும்போது மெல்லிய மேகங்கள் உருவாகின்றன. குளிர்சாதன வாயுக்களிலிருந்து வந்த குளோரின் அம்மேகங்களின் மீதுதான் வீரியம் பெறுகிறது. வசந்தத்தில் வெயில் திரும்பியதும் ஓசோனை அழிக்கிறது. குளிர் குறைந்தால் மேகமும் குறைவு, அழிவும் குறைவு.

குளிர் ஏன் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது? மலைகளும், நிலத்திற்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாடும் மாபெரும் காற்றலைகளை எழுப்புகின்றன. அவை மேலேறி உடையும்போது துருவத்தைச் சுற்றும் காற்று தளர்கிறது. மேல் காற்று கீழிறங்கி, அழுத்திய சைக்கிள் பம்பைப்போல் சூடாகிறது. இந்தத் திடீர் வெப்பத்தை வட துருவப் பக்கம் 1952-இல் பெர்லினில் ஷெர்ஹாக் கண்டறிந்தார். கடல் சூழ்ந்த தென் துருவத்தில் இது அரிது. எனினும் 2002 செப்டம்பரில் அங்கே ஓட்டை இரண்டாகவே பிளந்தது. 2019 செப்டம்பரிலும் 20 கிலோமீட்டர் உயரத்தில் வழக்கத்தைவிட 16 பாகை வெப்பம் கூடியிருந்தது.

இந்த மாற்றத்தில் நம் தலைக்கு மேலுள்ள வானத்துக்கும் பங்குண்டு. நிலநடுக்கோட்டுக்கு மேலே, அதே உயரத்தில் வீசும் காற்று சுமார் 28 மாதங்களுக்கு ஒருமுறை கிழக்கும் மேற்குமாகத் திசைமாறி வருகிறது. அதைக் கணிக்க உலகமே நம்பியிருப்பது பக்கத்துச் சிங்கப்பூரில் பறக்கவிடப்படும் பலூன்களின் அளவீட்டை. அந்தக் காற்று கிழக்கிலிருந்து வீசும் காலங்களில் வட துருவக் குளிர்காலம் சராசரியாகச் சற்று வெப்பமாக இருப்பதை 1980-இல் ஹோல்டனும் டானும் எடுத்துக்காட்டினர்.

ஆகவே ஓராண்டின் கணக்கை வைத்து முடிவுகட்டக் கூடாது. 1987-இன் மாண்ட்ரியல் உடன்படிக்கையில் மலேசியா 1989-இல் இணைந்தது. அதன் பலனாகப் படலம் மெல்லத் தேறுகிறது என்றாலும், தென் துருவத்தில் 1980-ஆம் ஆண்டின் நிலை திரும்ப 2066 வாக்கில்தான் ஆகும் என்பது ஐ.நா. மதிப்பீடு. பழைய ஏர்கோன்களிலுள்ள ஆர்-22 வாயுவும் ஓசோனைச் சிதைப்பதே. அதைக் காற்றில் திறந்துவிடாமல் கலனில் பிடித்துவைக்கும் அக்கறை, ஓட்டை சிறுத்த ஆண்டிலும் வேண்டும்.