திரையில் ஓர் அகத்திணை

திரைப்படம் என்றதும் கதைத்தலைவன், பாடல், சண்டை, இறுதியில் சுபம் ஆகியனவே நம் நினைவிற்கு வருகின்றன. இவை எவையும் இன்றி, நண்பர்களின் பேச்சையும் அன்றாட வாழ்வையுமே பொருளாகக் கொண்ட படங்களும் உலகில் உண்டு. அவற்றை நாட்குறிப்புப் படங்கள் என்பர்.

இவ்வகைக்கு முன்னோடியாகப் போற்றப்படுபவர் ஜோனாஸ் மேகாஸ். 1922இல் லித்துவேனியச் சிற்றூர் ஒன்றில் பிறந்த இவர், போரினால் நாடிழந்து, 1949இல் நியூயார்க் நகரை அடைந்தார். விரைவிலேயே கடன் பெற்று, போலெக்ஸ் என்னும் 16 மி.மீ. படக்கருவியை வாங்கினார். அதனைச் சுருள்வில்லை முறுக்கி இயக்க வேண்டும். ஒரு முறுக்கிற்கு ஏறத்தாழ அரை நிமிடமே ஓடும். 100 அடிப் படச்சுருளோ மூன்று நிமிடத்திற்குள் தீர்ந்துவிடும். எனவே காட்சிகளைத் துளித்துளியாகவே பதிந்தார். கருவி வகுத்த எல்லையே அவரது நடையாயிற்று. நண்பர்களின் திருமணங்கள், பூங்காவில் படிந்த பனி எனப் பலவற்றைக் கோத்து, 1969இல் மூன்று மணிநேர ‘வால்டன்’ படத்தை வெளியிட்டார். மனைவி மக்களோடு வாழ்ந்த வாழ்வைத் தொகுத்து அவர் 2000இல் தந்த படம், ஏறத்தாழ ஐந்து மணிநேரம் ஓடுவது. 2019இல் அவர் மறைந்தார்.

சென்னையில் இவ்வழியில் குறிப்பிடத்தக்கவர் ஆர்.வி. ரமணி. புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்ற இவர், 2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் தம் படக்கருவியை இழந்தார். அதனை நினைந்து அவர் எடுத்த ‘மை கேமரா அண்ட் சுனாமி’ 2011இல் வெளிவந்தது. அங்குக் கருவியே தோழனாகிவிடுகிறது.

நம் தாம்பரம் பகுதியில் பதிவதற்குப் பொருளா இல்லை? 1931இல் தொடங்கிய கடற்கரை–தாம்பரம் மீட்டர் பாதை மின்தொடர்வண்டி 2004இல் நின்றது. அவ்வாண்டுகள் ஏட்டில் உள்ளன. அவ்வண்டியில் பேசிச் சிரித்த மாணவத் தலைமுறைகளின் குரல் எங்குள்ளது? 2021இல் மாநகராட்சியாகிய தாம்பரம் நாளும் மாறி வருகிறது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையும், சேலையூர்த் தேநீர்க் கடையில் கூடும் நண்பர் கூட்டமும் இன்றே பதியத்தக்கன.

தமிழ் பயில்வோர்க்கு இம்முயற்சி அயலானதன்று. தோழியும் பாங்கனும் பேசும் அன்றாடப் பேச்சே அன்றோ அகப்பாட்டு! ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. அகத்திணை மாந்தரைப் பெயர் சுட்டி உரைத்தலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. பெயர் மறைந்தமையால் ஒருவர் துயரம் அனைவர் துயரமாயிற்று. உரியவரின் மானமும் காக்கப்பட்டது. படக்கருவியோ முகத்தையே காட்டிவிடுகிறது. ஆதலின், நண்பனைப் படமெடுப்பவனுக்குப் பொறுப்பு மிகுதி. எடுக்குமுன் இசைவு பெறுதல், எடுத்தபின் அவனுக்கே முதலில் காட்டுதல், நீக்கச் சொல்லின் மறுப்பின்றி நீக்குதல் ஆகிய மூன்றையும் இக்கலையின் இலக்கணமாகவே கொள்ள வேண்டும். விடுதி அறையில் விளையாட்டாக எடுத்த காட்சி ஊரெங்கும் பரவி ஒருவன் தலைகுனிய நேருமாயின், அது நட்பிற்கு இழைத்த துரோகமாகும்.

மேகாஸ் கடன்பட்டுப் பெற்றதனினும் எளிய கருவி இன்று மாணவர் பலரின் கையில் கைப்பேசியாக உள்ளது. அதனைக் கொண்டு தத்தம் தெருவையும் தோழமையையும் அவர்கள் பதிந்து வைப்பாராக. நண்பன் நம்பி ஒப்படைத்த முகம் ஓர் அடைக்கலப் பொருள் என்பதையும் நினைவிற் கொள்வாராக.