உங்களுக்குத் தெரியுமா? பதிவேட்டுக்குள்ளேயே நடந்த ஆய்வு

மாரடைப்போடு வருபவரின் இதய ரத்தக்குழாயில் இருக்கும் ரத்தக்கட்டியை முதலில் உறிஞ்சி எடுத்துவிட்டு, பிறகு ஸ்டென்ட் வைத்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு கூடுமா? இதற்கு விடை தேட ஸ்வீடன் மருத்துவர்கள் தனியாக ஓர் ஆய்வுக்கூட்டத்தைத் திரட்டவில்லை. ஆஞ்சியோகிராம் செய்யும்போதே விவரங்களை ஏற்றிவிடும் தேசியப் பதிவேடு அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. நோயாளி சம்மதித்ததும், உறிஞ்சுவதா வேண்டாமா என்பதை அந்தப் பதிவேட்டின் கணினியே குலுக்கல் முறையில் தீர்மானித்தது.

‘டேஸ்ட்’ என்ற இந்த ஆய்வில் 7,244 பேர் சேர்ந்தனர். முடிவு வந்தது 2013இல். 30 நாளுக்குள் இறந்தவர்கள், உறிஞ்சிய பிரிவில் 2.8 சதவீதம், உறிஞ்சாத பிரிவில் 3.0 சதவீதம். பொருட்படுத்தத்தக்க வேறுபாடே இல்லை! பின்னர் வந்த இன்னொரு பெரிய ஆய்வும் பலன் காட்டாததால், 2015இல் அமெரிக்க வழிகாட்டு நெறிகளும் எல்லோருக்கும் வழக்கமாக உறிஞ்ச வேண்டாம் என்றன.

இதில் நான் மிகவும் மதிப்பது ஓர் எளிய எண்ணை. 1947 முதல் ஸ்வீடனில் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் உண்டு. மருத்துவமனைக் குறிப்பு, இதயப் பதிவேடு, மக்கள்தொகைப் பதிவேடு எல்லாவற்றிலும் அதே எண்தான். ஆகவே யார் உயிரோடு இருக்கிறார் என்று வீடு வீடாகத் தொலைபேசியில் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் குறிப்புகளும் பதிவேடுகளும் இப்படி இணையாத பல நாடுகளில் இன்றும், நோயாளியின் கணினிக் குறிப்பில் இருப்பதையே செவிலியர் பதிவேட்டுக்காக மறுபடி தட்டச்சு செய்கிறார். நோயாளியின் அருகில் இருக்க வேண்டிய நேரம் அது.