கடைசி நாட்களின் தவிப்பு

பாவமல்ல, வலி

படுக்கையில் கிடப்பவரின் உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டிருந்தால், மண்ணைக் கரைத்தோ பொன்னை உரைத்தோ வாயில் ஊற்றும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. ஆசை தீரவில்லை என்பார்கள். சிலர் செய்த பாவம் என்றே சொல்லிவிடுவார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அவர் காதில் விழக்கூடும். புரண்டு தவிப்பதற்கும் பிதற்றுவதற்கும் பல நேரம் உடலே காரணம்: அடைத்துக்கொண்ட சிறுநீர், மலச்சிக்கல், மூச்சுத்திணறல், அடங்காத வலி. சிறுநீர்க் குழாய் போட்டதுமே அமைதியாகத் தூங்கிவிடுபவர்கள் உண்டு. கடும் புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் நல்ல மருந்து. மருத்துவர் வலிக்கேற்ற அளவில் கொடுக்கும்போது அது சாவை விரைவுபடுத்தும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

மாத்திரைக்கு எட்டாதது

செவிலியராகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து, பிறகு மருத்துவம் படித்தவர் சிசிலி சாண்டர்ஸ். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் என்ற இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கினார். உடல் நோவோடு மனக்கவலை, குடும்பக் கவலை, இறைவனிடம் கேட்க நினைக்கும் கேள்விகள் எல்லாம் பின்னிக் கிடப்பதைக் கண்டு, அதை ‘முழு வலி’ என்றார். பாகப்பிரிவினையில் தம்பியோடு பேச்சு நின்றுபோனவருக்கு மருந்தின் அளவை மட்டும் கூட்டிப் பயனில்லை. தம்பி வந்து கட்டிலோரம் உட்கார வேண்டும்.

ஆனால் கடைசி வாரத்தில் பலருக்கு நினைவு தடுமாறும், பேச்சு குழறும். அப்போது தம்பி வந்தும் பேச முடியாமல் போகலாம். அதனால்தான் உடம்பில் தெம்பு இருக்கும்போதே இதைச் செய்யச் சொல்கிறேன். மன்னிப்புக் கேளுங்கள், மன்னியுங்கள். மனைவிக்கு ஒருமுறைகூட நன்றி சொல்லாத ஆண்கள் நம்மில் எத்தனை பேர்! வாய் வராவிட்டால் கடிதமாக எழுதலாம்.

விருப்பத்தை எழுதி வையுங்கள்

மீள வழியில்லாத நிலையில் வென்டிலேட்டர் வேண்டுமா என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2023இல் நடைமுறை எளிதானது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெறலாம். அப்பாவின் விருப்பம் தெரிந்தால், ஐசியூ வாசலில் பிள்ளைகள் ஒருவரையொருவர் குற்றம் சொல்ல நேராது.

எங்கே கேட்பது?

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டுக்கே வந்து வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை தரும் ஏற்பாடு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். நோய் முற்றும்வரை காத்திருக்க வேண்டாம். கடும் நோய் என்று தெரிந்த உடனேயே, மற்ற சிகிச்சைகளோடு சேர்த்தே இதையும் பெறலாம்.