நனைந்த சாலையில் உலகப் பட்டம்

சாலை சைக்கிள் பந்தயத்தில் மழைக்கு இடைவேளை கிடையாது. கொடியசைத்த பிறகு எவ்வளவு கொட்டினாலும் வீரர்கள் மிதித்தே ஆக வேண்டும். பெரிய பந்தயங்களில் அது ஆறு, ஏழு மணி நேரம் நீளும். மழை அவர்களுக்கு இரண்டு தொல்லைகளைத் தருகிறது: சாலை வழுக்குகிறது, உடல் குளிர்கிறது. தொலைக்காட்சியில் தெரிவது முதல் தொல்லை. பந்தயத்தின் முடிவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இரண்டாவது.

நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழைதான் மிக ஆபத்தானது. வண்டிகள் சிந்திய எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து சாலைமேல் மெல்லிய படலமாக நிற்கும். மழை வலுத்துக் கழுவிவிட்ட பிறகு தார்ச்சாலையில் பிடிமானம் ஓரளவு திரும்பிவிடும். சாலையில் பூசிய வெள்ளைக் கோடுகள், சாக்கடை மூடிகள், ரயில் தண்டவாளங்கள், உதிர்ந்த இலைகள் ஆகியவற்றில் மட்டும் கடைசிவரை கவனம் வேண்டும். காரைப் போல சைக்கிள் தண்ணீர்மேல் மிதந்து வழுக்குவதில்லை. டயர் ஒடுக்கமானது, அடிப்பகுதி வளைவானது, உள்ளே காற்றழுத்தம் அதிகம்; ஆகவே அது நீரை விலக்கிக்கொண்டு தரையைத் தொட்டுவிடும். பந்தய டயர்கள் வெட்டுக்கோடுகள் இல்லாமல் வழவழப்பாக இருப்பதற்கும் இதுவே காரணம். மழை நாளில் இயந்திரப் பணியாளர்கள் செய்யும் முக்கியமான மாற்றம், டயரின் காற்றைச் சற்றுக் குறைப்பது. அழுத்தம் குறைந்தால் ரப்பர் சாலையின் சொரசொரப்போடு நன்றாகப் படியும்.

வளைவுகளில் கணக்கு கறாரானது. ஒரு வளைவைக் கடக்கக்கூடிய உச்ச வேகம் உராய்வின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. உராய்வு பாதியானால் வேகத்தைச் சுமார் 30 சதவீதம் குறைக்க வேண்டும்: உலர்ந்த சாலையில் 40 கி.மீ. வேகத்தில் திரும்பக்கூடிய இடத்தில் 28-தான். நிற்பதற்குத் தேவையான தூரமோ இரட்டிப்பாகும். அதனால் தேர்ந்தவர்கள் வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே பிரேக் பிடித்து முடிப்பார்கள். சாய்ந்த பிறகு பிரேக்கைத் தொட மாட்டார்கள். ரிம்மைக் கவ்வும் பழைய பிரேக்கில் சக்கரம் சுழன்று நீர் வழிக்கப்படும்வரை பிடிப்பே இருக்காது. கார்பன் ரிம்களில் இது இன்னும் மோசம். டிஸ்க் பிரேக் வந்த பின் அந்தத் தாமதம் பெரிதும் குறைந்தது. சர்வதேச சைக்கிள் ஒன்றியம் 2018-இல் அதைச் சாலைப் பந்தயங்களுக்கு முறைப்படி அனுமதித்தது.

குளிரின் வேலை இதைவிட மெதுவானது, ஆனால் கொடியது. நீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த துணி உடலோடு ஒட்டியிருக்க, 40 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று அடிக்கிறது. மேட்டில் மிதித்துச் சேர்த்த சூடு, இறக்கத்தில் மிதிக்காமல் உருளும் சில நிமிடங்களில் பறிபோகும். முதலில் மரத்துப்போவது விரல்கள். கியர் மாற்ற உள்ளங்கையால் தள்ள வேண்டியிருக்கும். உணவுப் பொட்டலத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தாலும் பாதி கீழே விழும். தாகம் தெரியாததால் பாட்டிலில் கரைத்த சர்க்கரையும் உள்ளே போகாது. நடுங்கும் உடலோ வழக்கத்தைவிட அதிகமாக மாவுச்சத்தை எரிக்கும். வரவு குறைந்து செலவு கூடும் இந்த நிலை வெளியே தெரியாமலே வளர்ந்து, ஐந்தாம் மணி நேரத்துக்குப் பிறகு ஒரே அடியாகக் காலை வாரிவிடும். அதனால்தான் உடம்பைக் கவ்விப்பிடிக்கும் நீர்புகா மேலாடை, நியோப்ரீன் கையுறை, ஷூவுக்கு மேலுறை, காலில் தேய்க்கும் சூட்டுத் தைலம் எல்லாமே இங்கே ஆயுதங்கள்.

2013 மிலான்–சான்ரெமோ பந்தயத்தில் மழை பனியாக மாறியதால் வீரர்களைப் பேருந்தில் ஏற்றி, கணவாயைத் தாண்டி இறக்கிவிட்டு, மீண்டும் ஓட்டவைத்தார்கள். இப்படிப்பட்ட நேரங்களில் யார் எப்படி முடிவெடுப்பது என்பதற்கான விதிமுறையை ஒன்றியம் பின்னர் வகுத்தது. உறைமழை, பனி, பலத்த காற்று, கடும் வெப்பம் அல்லது குளிர் எனில் அமைப்பாளர், நடுவர், மருத்துவர், வீரர் மற்றும் அணிகளின் பிரதிநிதிகள் கூடிப் பேசுவார்கள். சாதாரண மழைக்கு அந்தச் சலுகை இல்லை, வெள்ளம் சாலையை மூடினால் தவிர.

2019 செப்டம்பர் 29-இல் அதுதான் நடந்தது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், ஹாரோகேட் நகரில் முடிந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் சாலைகள் மூழ்கியதால் இரண்டு பெரிய ஏற்றங்கள் நீக்கப்பட்டன, 285 கி.மீ. தூரம் சுமார் 260 ஆகக் குறைந்தது. கிளம்பியவர்கள் கிட்டத்தட்ட 200 பேர், முடித்தவர்கள் 46 பேர். 33 கி.மீ. மீதமிருக்கையில் நெதர்லாந்தின் மத்யூ வான் டெர் போல் பாய்ந்து, இத்தாலியின் மத்தேயோ திரெண்டினோடு முன்னணியில் சேர்ந்தார். அன்று அவரை யாராலும் தடுக்க முடியாது என்றே தோன்றியது. சுமார் 13 கி.மீ. இருக்கும்போது, யாரும் தாக்காமலே அவர் கால்கள் நின்றுபோயின. விழவில்லை, டயர் வெடிக்கவில்லை; உடலில் எரிபொருள் தீர்ந்துவிட்டது. 10 நிமிடங்களுக்கு மேல் பின்தங்கி 43-ஆவதாக வந்தார். கடைசி ஓட்டத்தில் மூவர் மிஞ்சினர். வேகத்துக்குப் பேர்போன திரெண்டின் முதலில் பாய்ந்தார். டென்மார்க்கின் 23 வயது மேட்ஸ் பெடர்சன் அவரைக் கடந்து வென்றார். மூன்றாவது, சுவிட்சர்லாந்தின் ஷ்டெஃபான் கியூங். அந்தத் தூரத்துக்குப் பிறகு அந்த முடிவு வேகத்தின் சோதனையாக இல்லை. யார் உடலில் சூடும் சத்தும் மிச்சம் என்பதே கேள்வி.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்டில் கிளாஸ்கோவில் மழை நனைத்த சாலையில் அதே பட்டத்துக்கான போட்டி. தனியாக முன்னே போய்க்கொண்டிருந்த வான் டெர் போல், சுமார் 16 கி.மீ. மீதமிருக்கையில் ஒரு வளைவில் வழுக்கி விழுந்தார். சட்டை கிழிந்தது, ஷூவின் இறுக்கும் திருகு உடைந்தது. எழுந்து மிதித்தார். கோடைக்கால மழை, ஹாரோகேட்டில் வாட்டிய குளிர் அங்கே இல்லை. இரண்டாவதாக வந்த வௌட் வான் ஆர்ட்டைவிட 1 நிமிடம் 37 விநாடி முன்னதாக எல்லைக்கோட்டைத் தொட்டு உலகச் சாம்பியன் ஆனார்.