இடமாற்ற உத்தரவும் இல்லாத கடிவாளமும்

2019 ஜூன் 13 அன்று அமெரிக்க வேளாண் அமைச்சர் சானி பெர்டியூ பேச வந்தபோது, பொருளாதார ஆய்வுப் பிரிவின் ஊழியர்கள் பலர் எழுந்து அவருக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். அந்தப் பிரிவும், வேளாண் ஆராய்ச்சிக்கு நிதி வழங்கும் இன்னொரு நிறுவனமும் வாஷிங்டனிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மைல் தள்ளியுள்ள கான்சஸ் சிட்டி வட்டாரத்துக்குப் போகின்றன என்ற அறிவிப்பு அன்றுதான் வந்திருந்தது. வருவதா, விலகுவதா என்று சொல்ல ஜூலை 15 வரை அவகாசம்.

பிள்ளைகளின் பள்ளி, துணையின் வேலை, வீட்டுக்கடன், வயதான பெற்றோர் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் யாரால் தீர்மானிக்க முடியும்? ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மறுத்தார்கள், அல்லது பதிலே தரவில்லை. காலியிடங்கள் பின்னர் பெருமளவு நிரம்பின. ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோர் அனுபவம் குறைந்த புதியவர்கள் என்று நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2022இல் பதிவு செய்தது. பண்ணை வருமானம், உணவு உதவித் திட்டங்கள் பற்றிய ஆய்வுகளை நம்பியிருக்கும் விவசாயிக்கும் ஏழைக் குடும்பத்துக்கும் இது நேரடி இழப்பு.

அதே காலத்தில் இடம் மாற்றப்பட்ட, உள்துறையின் கீழ் இயங்கும் நில மேலாண்மைப் பணியகத்தின் கதை இன்னும் கடுமையானது. அதன் பொறுப்பில் உள்ள சுமார் 24.5 கோடி ஏக்கர் பொது நிலத்தில் பெரும்பகுதி மேற்கு மாநிலங்களில் இருக்கிறது. ஆகவே முடிவெடுப்பவர்கள் நிலத்துக்கு அருகில் இருக்கட்டும் என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் தலைமையகம் கொலராடோவின் கிராண்ட் ஜங்ஷனுக்கு மாறியபோது நடந்தது வேறு. வாஷிங்டனிலிருந்து 328 பணியிடங்கள் வெளியேற்றப்பட்டன. அவற்றில் இருந்தவர்களில் இடம்பெயர்ந்தவர்கள் 41 பேர், கிராண்ட் ஜங்ஷனுக்கே போனவர்கள் மூவர். 2021 செப்டம்பரில், உள்துறை அமைச்சர் டெப் ஹாலண்ட் தலைமையகத்தை மீண்டும் வாஷிங்டனுக்கு மாற்றுவதாக அறிவித்தார். விட்டுப்போனவர்களின் அனுபவத்தை அந்த அறிவிப்பால் மீட்க முடியவில்லை.

இது எதிர்பாராத பக்கவிளைவு மட்டும்தானா? வெள்ளை மாளிகையின் அப்போதைய தற்காலிகத் தலைமை அலுவலர் மிக் மல்வேனி, ஊழியர்களைப் பணிநீக்கம் செய்வது கடினம் என்றும், இடமாற்றத்தால் அவர்களாகவே விலகுவது அரசைச் சிறிதாக்க நல்ல வழி என்றும் 2019இல் வெளிப்படையாகவே பேசினார்.

சட்டம் எங்கே போனது? வேறு சட்டம் அனுமதித்தாலொழிய அரசுத் துறை அலுவலகங்கள் தலைநகரிலேயே இயங்க வேண்டும் என்ற பழைய விதி ஒன்று இருக்கிறது. வேளாண் துறை விஷயத்தில் 2018 நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் இன்னும் நேரடியாக, இடமாற்றத்துக்குப் பணம் செலவிடும் முன் நாடாளுமன்றக் குழுக்களின் ஒப்புதல் வேண்டும் என்றது. அந்த ஒப்புதல் பெறப்படாததால் சட்டமீறல் நடந்திருக்கலாம் என்று துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் சுட்டிக்காட்டினார். அந்த நிபந்தனையே அரசமைப்புக்கு முரணானது என்பது துறையின் பதில். அதில் சட்ட வலு இல்லாமல் இல்லை: முழு நாடாளுமன்றமும் சட்டம் இயற்றாமல், அதன் ஒரு பகுதி மட்டும் நிர்வாகத்தின் முடிவை ரத்து செய்ய முடியாது என்று 1983இல் சாதா (Chadha) என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

இந்தச் சிக்கலைத் தாண்டும் வழியாக நாடாளுமன்ற உறுப்பினர்களான ஜெனிஃபர் வெக்ஸ்டன், கிறிஸ் வான் ஹாலன் ஆகியோர் ஒரு மசோதாவை முன்வைத்தார்கள். நகர்த்தும் முன் செலவு, பயன், பணியாளர் இழப்பு ஆகியவற்றைத் துறை கணக்கிட வேண்டும். தலைமைக் கண்காணிப்பாளர் அதைச் சரிபார்த்து நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும். இடமாற்றத்தை இது தடுக்கவில்லை, காரணத்தைக் காட்டச் சொல்கிறது. இந்த அளவு நியாயமான மசோதா சட்டமாகாமல் போனது வருந்தத்தக்கது. ஏனெனில் 2025 ஜூலையில் அதே வேளாண் துறை, வாஷிங்டன் வட்டாரத்தின் சுமார் 4,600 ஊழியர்களில் பாதிக்கும் மேற்பட்டோரை ஐந்து நகரங்களுக்கு அனுப்பும் திட்டத்தை அறிவித்தது.

அத்தகைய சட்டம் இல்லாத நிலையில், இடமாற்ற உத்தரவு பெறும் அமெரிக்க அரசு ஊழியர் அவசரப்பட்டு ராஜினாமா எழுதிவிடக் கூடாது. தானாக விலகினால் சில உரிமைகள் கைநழுவலாம். அன்றாடம் போய்வர முடியாத தொலைவுக்கு மாற்றப்பட்டு, அதை ஏற்காததால் நீக்கப்படும் நிரந்தர ஊழியர், 50 வயதும் 20 ஆண்டுப் பணியும் அல்லது எந்த வயதிலும் 25 ஆண்டுப் பணியும் முடித்திருந்தால், பொதுவாக முன்கூட்டிய ஓய்வூதியம் கோரலாம். அந்தத் தகுதி இல்லாதவர் பணிக்காலத்துக்கேற்ற இழப்பீட்டுத் தொகை கேட்கலாம். எங்கும் பணிபுரியச் சம்மதம் என்று முன்பே கையெழுத்திட்டவருக்கு இவை கிடைக்காமல் போகலாம். நியமன ஆவணங்களை முதலில் எடுத்துப் பார்ப்பது நல்லது. நீக்கத்தை எதிர்த்துத் தகுதி முறைப் பாதுகாப்பு வாரியத்தில் முறையிட, பொதுவாக 30 நாள்தான் அவகாசம்.