பறக்காத ரெப்ளிகா: பாஸா, ஃபெயிலா?

2003 டிசம்பர் 17. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துல கிட்டி ஹாக் பக்கம் ஒரு மைதானம். ரைட் சகோதரர்கள் முதன்முதலா பறந்து சரியா 100 வருஷம். அவங்களோட ஃப்ளையர் மாதிரியே செஞ்ச ஒரு ரெப்ளிகா அதே இடத்துல தயாரா நிக்குது. மழையில நனைஞ்சுக்கிட்டு ஆயிரக்கணக்கான பேர் காத்திருக்காங்க. விமானம் தண்டவாளத்துல ஓடுது, மூக்கைக் கொஞ்சம் தூக்குது, அவ்வளவுதான். சேத்துத் தண்ணியில போய் உக்காந்துடுச்சு.

"1903ல பறந்ததை 2003ல பறக்க வைக்க முடியலையா?"ன்னு எனக்கும் முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. அப்புறம் ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

1903ல முதல் பறப்பு 12 விநாடி, 36.5 மீட்டர். அதாவது விநாடிக்கு 3 மீட்டர், மணிக்கு 11 கி.மீ. நம்ம சைக்கிளே இதை முந்திடும்! அப்புறம் எப்படிப் பறந்துச்சு? அன்னைக்கு எதிர்க்காத்து மணிக்கு 32 கி.மீ.க்கு மேல. லிஃப்டுக்குத் தேவை தரை மேல போற வேகம் இல்ல, இறக்கை மேல ஓடுற காத்தோட வேகம். ரெண்டையும் கூட்டினா 43 கி.மீ.க்கு மேல வருது. பைலட்டையும் சேர்த்து சுமார் 340 கிலோ எடை, வெறும் 12 குதிரைத்திறன் எஞ்சின். காத்து உதவலைன்னா கஷ்டம்தான். 2003ல அந்தக் காத்து போதுமான அளவு இல்ல.

கொஞ்சம் பெரிய எஞ்சின் வச்சிருந்தா ஈஸியா பறந்திருக்குமே? பறந்திருக்கும். சினிமாவுக்கும் ஏர் ஷோவுக்கும் செய்யற ரெப்ளிகாக்கள்ல அது சகஜம், தப்பும் இல்ல. ஆனா கென் ஹைட் தலைமையிலான இந்த டீமோட நோக்கம் வேற: ரைட் சகோதரர்கள் என்ன செஞ்சாங்கன்னு செஞ்சே தெரிஞ்சுக்கறது. முழு டிராயிங் எதையும் அவங்க விட்டுட்டுப் போகலை. அதனால வாஷிங்டன் மியூசியத்துல இருக்கிற ஒரிஜினல், பழைய ஃபோட்டோக்கள், கடிதங்கள் எல்லாத்தையும் பார்த்துப் பார்த்து எஞ்சின், ப்ரொப்பெல்லர், இறக்கைத் துணி வரைக்கும் திரும்பச் செஞ்சாங்க.

பலன் கிடைச்சுது. அந்த மரத்து ப்ரொப்பெல்லரை டெஸ்ட் பண்ணினப்போ எஃபிஷியன்சி கிட்டத்தட்ட 75 சதவீதம்! விமானத்தை விண்ட் டனல்ல வச்சு, பிட்ச்ல அது எவ்வளவு அன்ஸ்டேபிள்னு அளந்தாங்க. விழாவுக்கு முன்னாடி நடந்த பயிற்சியில, காத்து சரியா இருந்தப்போ, இதே ரெப்ளிகா சுமார் 30 மீட்டர் பறந்தும் காட்டுச்சு.

இதைப் படிக்கும்போது எங்க மினி ப்ராஜெக்ட் ஞாபகம் வந்து உறுத்துச்சு. எங்க ஆர்.சி. விமானம் எழும்பவே இல்ல. டெமோவுக்கு முந்தின நாள் ராத்திரி பெரிய மோட்டார் மாத்தினோம். ரிப்போர்ட்ல பழைய மோட்டாரோட கணக்கையே விட்டுட்டோம். விமானம் பறந்துச்சு, மார்க்கும் வந்துச்சு. ஆனா எங்க இறக்கை டிசைன்ல என்ன தப்புன்னு இன்னைக்கு வரைக்கும் எங்க நாலு பேருக்கும் தெரியாது.

அவங்க ரெப்ளிகா ஏன் பறக்கலைன்னு அவங்களுக்குத் தெரியும். எங்க விமானம் ஏன் பறந்துச்சுன்னே எங்களுக்குத் தெரியாது. இப்போ ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஓடிக்கிட்டு இருக்கு. இந்தத் தடவை என்ன ரீடிங் வருதோ அதையே எழுதுறதுன்னு முடிவு பண்ணியிருக்கோம். ரிவ்யூல என்ன ஆகுதுன்னு பார்ப்போம்!